உகந்தைக்கு அப்பால் இராத்தங்கல்

வீரமுனைச் சிந்தாயாத்திரைப் பிள்ளையாரைத் தரிசித்துப் புறப்படும் கதிர்காம பாதயாத்திரிகர்கள், நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய முஸ்லிம் ஊர்களையும் திருக்கோவிலையும் பொத்துவிலையும் கடந்து, உகந்தை முருகன் சந்நிதியோடு குடியிருப்புகள் பெரும்பாலும் முடிந்துபோக, அப்பாலுள்ள குமுனை, யால வனங்களில் சத்திரமோ சாவடியோ இன்றி, நீர் கிடைத்த இடத்தையே இராத்தங்கலாகக் கொண்டனர். கும்புக்கன் ஆற்றங்கரையில் மருத மர நிழலில் சமைத்துண்டு, யானையும் கரடியும் அணுகாதிருக்க இரவு முழுவதும் தீ வளர்த்து, பின்னர் மாணிக்க கங்கையில் ஸ்நானம் செய்து கதிர்காமத்தை அடைந்தனர்.

கதிர்காம உற்சவம் ஆடியில், கிழக்கிலங்கையின் வறட்சிக் காலத்தில் வருவதால், எந்த மடுவில் நீர் எஞ்சியிருக்கும் என்னும் ஞானமே அந்த யாத்திரையின் பிராணன். அது முன்சென்ற சுவாமிமாரின் நினைவிலேயே வாழ்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் வாந்திபேதிக்கு அஞ்சி ஆங்கில அரசு யாத்திரையைக் கட்டுப்படுத்தியது. 1938இல் யால தேசிய வனமாயிற்று. பின்னர் உள்நாட்டு யுத்தம் வந்தது. இன்று குறித்த நாட்களில் மட்டுமே வனவாயில் திறக்கப்பட, ஆயிரக்கணக்கானோர் ஒருங்கே நுழைகின்றனர். அந்தப் பக்தியை வணங்குகிறேன், ஆயினும் ஆற்றங்கரைகளின் பழைய ஏகாந்தம் குறைந்தது எனக்குத் துயரமே.