வாவிக்கு வரும் விருந்தினர்

மாரி தொடங்கி வாடைக்காற்று வீசும் நாளில் மட்டக்களப்பு வாவிக்கு விருந்தினர் சிலர் வந்து சேர்வர். ஊசிவால் வாத்து, நீலச்சிறகு வாத்து, உள்ளான் வகைகள் முதலிய வலசைப் பறவைகளே அவ்விருந்தினர். வடபுலத்துக் கடுங்குளிருக்கு ஒதுங்கி, இந்தியாவைக் கடந்து, ஐப்பசி தொட்டுப் பங்குனி வரை அவை இங்குத் தங்கும். ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் வாவியின் சேற்றுத் திடல்களும் படுவான்கரை வயல்களும் அவற்றுக்கு உணவுக்களமாகும்.

மனிதன் கையினின்று பறவைகளைக் காப்பது எவ்வாறு என்னும் வினா புதியதன்று. கடலுக்கு அப்பால், தமிழகத்து வேடந்தாங்கலில், ஆங்கிலப் படைவீரர் பறவைகளைச் சுட்டுவந்தனர். ஊரார் செங்கற்பட்டுக் கலெக்டரிடம் முறையிட்டனர். 1798-ஆம் ஆண்டில் கலெக்டர் லயனல் பிளேஸ் அவ்வேட்டையைத் தடுத்து ஆணை வழங்கினார். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் பயிருக்கு உரமாவதை அவ்வுழவர் அறிந்திருந்தனர். ஆகவே அங்கே ஊரின் விருப்பம் முதலிற் பிறந்தது. அரசின் ஆணை பின்னர் வந்தது.

இலங்கையிலோ 1937-ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் வழிவகுத்தது. அடுத்த ஆண்டே குமண வில்லு பறவைச் சரணாலயமாயிற்று. 1961-இல் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரியும் வரை குமணயும் மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்ததே.

ஆயின் குமணயின் பெருஞ்சிறப்பு அங்குள்ள கூடுகள். கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கும் மரங்களை எல்லையிட்டுக் காவல் செய்யலாம். வாவிக்கு வரும் வாத்துக்கும் உள்ளானுக்கும் இங்குக் கூடில்லை, இரை உண்டு. முகத்துவாரம் திறந்து நீர் வடியுங்கால் அவை சேற்றுத் திடலில் மேயும். வெள்ளம் ஏறுங்கால் வயலோரம் ஒதுங்கும். இவ்வாறு இடம் மாறும் பறவைக்கு வேலி எங்கே இடுவது?

அவற்றுக்கு நேரும் இடரும் பலவாம். கண்ணியும் துப்பாக்கியும் பழையன. 1980-களில் இறாற் பண்ணைகளுக்காகக் கரையோரக் கண்டல் மரங்கள் அழிந்தன. வயலில் தெளிக்கும் நஞ்சும் நீரில் எறியப்படும் அறுந்த நைலோன் வலையும் இக்காலத்து இடர்கள்.

ஈரநிலங்களுக்கான ராம்சார் உடன்படிக்கையிலும், வலசை உயிரினங்களுக்கான பொன் உடன்படிக்கையிலும் இலங்கை 1990-ஆம் ஆண்டில் இணைந்தது. நாடுகள் கூடிச் செய்த உறுதி அது. எனினும் கண்ணி வைப்பாரைத் தடுத்தலும், கண்டலை வெட்டாதிருத்தலும், அறுந்த வலையைக் கரைசேர்த்தலும் வட்டையில் வெள்ளாமை செய்வார் கையிலும் வாவியில் தோணி விடுவார் கையிலுமே உள்ளன. விருந்தோம்பலுக்குப் பெயர்பெற்ற மட்டக்களப்பார்க்கு, வேடந்தாங்கல் ஊரார் அன்று செய்தது அரிதன்று.