நேசமணியின் பன்னிரண்டு ஓட்டு

2019இல் ஒருநாள் பேரன் கைபேசியைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தான். என்னடா என்று கேட்டேன். "நேசமணி தலையில சுத்தியல் விழுந்திட்டுதாம் தாத்தா, எல்லாரும் பிரார்த்தனை பண்ணுறாங்க" என்றான். 'பிரண்ட்ஸ்' படத்தில் வடிவேலு நடித்த காண்டிராக்டர் நேசமணி. நானும் சிரித்தேன். பிறகு, "நம்ம மாவட்டத்துக்கு வேற ஒரு நேசமணி உண்டு, தெரியுமா?" என்று கேட்டேன். தெரியாது என்றான்.

அவனைக் குறை சொல்ல முடியாது. 1980களில் வடசேரி பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்தால் வரிசையாக நிற்கும் பஸ்களின் பக்கவாட்டில் 'நேசமணி போக்குவரத்துக் கழகம்' என்று எழுதியிருக்கும். படிக்கத் தெரிந்த பிள்ளைகள் எல்லாம் தினம் ஒரு தடவையாவது அந்தப் பெயரைப் படித்தார்கள். 1997இல் எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் எடுத்தபோது இதுவும் போயிற்று. அவன் பிறந்தது அதற்கும் பல வருஷம் கழித்து.

ஆனால் பஸ்ஸில் பெயரைப் படித்த எங்கள் தலைமுறைக்கு மட்டும் என்ன தெரியும்? 'குமரித் தந்தை', 'மார்ஷல் நேசமணி' என்போம். ஊர்வலம், துப்பாக்கிச் சூடு, ஜெயில் என்று சொல்வோம். திருவனந்தபுரம் சட்டசபைக்குள் அவர் கட்சி போட்ட கூட்டல் கழித்தல் கணக்கை யாரும் சொல்வதில்லை. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

நேசமணி 1895 ஜூன் 12ஆம் தேதி விளவங்கோடு தாலுகா பள்ளியாடியில் பிறந்தவர். நாகர்கோவிலில் வக்கீல் தொழில். அவர் வக்கீலாக வந்த புதிதில் நாகர்கோவில் வக்கீல்கள் அறையில் மேல்சாதிக்காரர்களுக்கு நாற்காலி, மற்றவர்களுக்கு முக்காலி, தண்ணீர்ப் பானையும் வேறு வேறு என்று இருந்ததாகவும், அவர் முக்காலியைக் காலால் தள்ளிவிட்டு நாற்காலி கொண்டுவந்து போட்டு உட்கார்ந்ததாகவும் எங்கள் பக்கத்தில் ஒரு கதை உண்டு. சிறுவயதில் நான் நாலைந்து பேர் வாயால் கேட்டிருக்கிறேன். ஒவ்வொருவரும் முக்காலி எவ்வளவு தூரம் போய் விழுந்தது என்பதைக் கொஞ்சம் கூட்டிச் சொல்வார்கள்.

திருவிதாங்கூர் மகாராஜா காலத்து ஸ்ரீமூலம் சபையில் உறுப்பினராக இருந்தார். நாகர்கோவில் நகராட்சித் தலைவராகவும் இருந்தார். ஆகவே சபை நடைமுறை அவருக்குப் புதிதல்ல. திருவிதாங்கூர் தமிழர்களுக்கென்று கட்சி தொடங்கியவர் அவரல்ல. 1945 கடைசியில் சாம் நத்தானியல் முதலியவர்கள் நாகர்கோவிலில் ஆரம்பித்தார்கள். அதுவே பிறகு திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் ஆயிற்று. நேசமணி 1947இல்தான் அதில் வந்து சேர்ந்தார். வந்தபிறகு அது அவர் கட்சியாகவே ஆகிவிட்டது.

கோரிக்கை என்னவென்று வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் என்ற ஒன்பது தாலுகாக்களும் தாய்த் தமிழகத்தோடு சேர வேண்டும். ஏன் என்று இளைஞர்கள் கேட்டால் நான் எங்கள் வீட்டுப் பெட்டியைத் திறந்து தாத்தாவின் நிலப் பத்திரங்களைக் காட்டுவேன். எல்லாம் மலையாளத்தில். வீட்டில் பேசியது தமிழ், கோயிலில் பாடியது தமிழ், சொந்த நிலத்தின் எல்லையைப் படித்துச் சொல்ல மட்டும் இன்னொரு ஆள் வேண்டும்.

1948இல் வயது வந்தோர் எல்லாருக்கும் ஓட்டு என்று திருவிதாங்கூரில் தேர்தல் நடந்தது. தேர்தல் சமயத்துப் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மாங்காடு தேவசகாயமும் கீழ்க்குளம் செல்லையாவும் உயிர் விட்டார்கள். தமிழ்நாடு காங்கிரஸுக்கு 14 இடம் கிடைத்தது. ஆனால் மற்ற இடங்களை ஏறக்குறைய முழுதாக ஸ்டேட் காங்கிரஸ் பிடித்துக்கொண்டது. அந்தச் சபையில் பதினான்கு பேர் தொண்டை கிழியப் பேசலாம். அதற்கு மேல் ஒன்றும் நடக்காது. 1949 ஜூலை 1இல் கொச்சியும் சேர்ந்து திருவிதாங்கூர்-கொச்சி ஆனபோது நம்முடைய பங்கு இன்னும் சுருங்கியது.

நிலைமை மாறியது 1952இல். 108 இடமுள்ள சபையில் தமிழ்நாடு காங்கிரஸுக்குக் கிடைத்தது எட்டே எட்டு. முன்பு இருந்ததைவிடக் குறைவு. ஆனால் இந்தத் தடவை காங்கிரஸுக்கும் பெரும்பான்மை இல்லை; 44தான். ஏ.ஜே. ஜான் மந்திரிசபை அமைக்க வேண்டுமென்றால் இந்த எட்டுப் பேரின் தயவு வேண்டும். பதினான்கால் முடியாதது எட்டால் முடிந்தது. நேசமணி அந்தத் தேர்தலில் நாகர்கோவிலிலிருந்து லோக்சபாவுக்குப் போய்விட்டார். ஆனால் கட்சியின் பிடி அவரிடம்தான் இருந்தது. 1953இல் எட்டுப் பேரும் ஆதரவை விலக்கினார்கள். ஜான் மந்திரிசபை கவிழ்ந்தது, சபை கலைந்தது.

1954 தேர்தலில் எட்டு பன்னிரண்டாயிற்று. சபை 117. காங்கிரஸ் 45, கம்யூனிஸ்டுகள் 23, பிரஜா சோஷலிஸ்டுகள் 19. கம்யூனிஸ்டுகள் வந்துவிடக் கூடாதே என்ற பயத்தில் காங்கிரஸ் வெளியிலிருந்து ஆதரவு கொடுக்க, வெறும் 19 பேரை வைத்துக்கொண்டு பட்டம் தாணு பிள்ளை முதல்வரானார். பட்டம் சாதாரண ஆள் அல்ல. திவான் சர் சி.பி.யை எதிர்த்து நின்றவர், திருவிதாங்கூரின் முதல் பிரதம மந்திரி. தமிழ்ப் பகுதியைப் பிரித்துக் கொடுப்பதை மட்டும் அவரால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. மத்திய அரசு அமைத்த மாநிலச் சீரமைப்புக் கமிஷன் ஊர் ஊராக விசாரித்துக்கொண்டிருந்த நேரம் அது. தேவிகுளத்தில் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களுக்கு நெருக்கடி கொடுக்கிறார்கள் என்று 1954 ஜூலையில் நேசமணி, அப்துல் ரசாக், சிதம்பரநாதன் மூவரும் தடையை மீறி அங்கே போய்க் கைதானார்கள்.

அடுத்த மாதம் ஆகஸ்ட் 11. விடுதலை நாள் என்று கட்சி அறிவித்திருந்தது. மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் கூடிய கூட்டத்தைப் போலீஸ் சுட்டது. இறந்தவர்கள் எத்தனை பேர் என்பதில் அரசாங்கத்துக் கணக்கும் ஊர்க் கணக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. சுட்டது சோஷலிஸ்ட் அரசாங்கம். சிறையிலிருந்த ராம் மனோகர் லோகியா, சுதந்திர நாட்டில் மக்களைச் சுட்ட அரசு விலக வேண்டும் என்று தன் கட்சி முதல்வரையே ராஜினாமா செய்யச் சொன்னார். பட்டம் செய்யவில்லை. அந்தக் கட்சி அகில இந்திய அளவில் உடைந்துபோனதற்கு இதுவும் ஒரு காரணம். புதுக்கடையில் நடந்த ஒரு காரியத்தால் டெல்லியில் ஒரு கட்சி உடைந்தது என்றால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள்.

துப்பாக்கிச் சூட்டுக்கு என்ன பதில்? இன்னொரு ஊர்வலம் நடத்தியிருக்கலாம், அதில் இன்னும் நாலு பேர் செத்திருக்கலாம். பதில் சட்டசபையில் கொடுக்கப்பட்டது. 1955 பிப்ரவரியில் தமிழ்நாடு காங்கிரஸ் உறுப்பினர்கள் கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்குக் காங்கிரஸும் ஓட்டுப் போட, பட்டம் மந்திரிசபை விழுந்தது. அடுத்து வந்த பனம்பிள்ளி கோவிந்த மேனன் இந்தப் பன்னிரண்டு பேரின் துணையில்தான் நாற்காலியில் உட்கார்ந்தார். காங்கிரஸ் எங்கள் மேல் இரக்கப்பட்டு ஓட்டுப் போடவில்லை. அவர்களுக்கு ஆட்சி வேண்டும், எங்களுக்குப் பட்டம் போக வேண்டும். நேசமணிக்கு இது நன்றாகத் தெரியும். வக்கீல் அல்லவா.

இதில் எனக்கு ஒரு சங்கடமும் உண்டு. மந்திரிசபைகளைத் தூக்கிவைப்பதும் கவிழ்ப்பதுமாக இருந்த கட்சி என்று கேரளத்துப் பழைய காங்கிரஸ்காரர்கள் சொன்னால் அதைப் பொய் என்று சொல்ல முடியாது. ஒரு சட்டசபைக்கு ஆள் அனுப்புவதே அந்தச் சபையை விட்டு வெளியே போவதற்காக என்றால், அந்த ராஜ்யத்தின் நல்லது கெட்டது அவர்களுக்கு இரண்டாம்பட்சம்தான். ஆனால் வேறு வழி இருந்ததா என்று யோசித்தால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

1955 செப்டம்பர் 30இல் பசல் அலி, குன்ஸ்ரு, பணிக்கர் மூவரும் கமிஷன் அறிக்கையைக் கொடுத்தார்கள். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஐந்தும் சென்னை ராஜ்யத்துக்கு. பிறகு செங்கோட்டையிலும் ஒரு பாகம் கேரளத்தோடு நின்றுவிட்டது. தேவிகுளமும் பீர்மேடும் கிடைக்கவில்லை. அங்குள்ள தமிழர்கள் வேலைக்கு வந்துபோகிறவர்கள் என்பது ஒரு வாதம்; தேயிலையும் நீர்மின்சாரமும் கேரளத்துக்கு வேண்டும் என்பது இன்னொன்று. பட்டம் தன் ஆட்சியில் அந்த மலைநாட்டில் மலையாள விவசாயிகளைக் குடியேற்றும் திட்டத்தையும் தொடங்கி வைத்திருந்தார். தோற்ற பிறகும் அவர் ஜெயித்த இடம் அது. நேசமணி தேவிகுளம் போய்க் கைதானதை நினைத்துப் பார்த்தால், மூணாறு தோட்டத்துக்காரர்களுக்கு அவர் பட்ட கடன் தீரவேயில்லை.

1956 நவம்பர் 1. கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது. எனக்கு அப்போது ஆறு வயது. முட்டாய் கொடுத்தார்கள் என்பது மட்டும் நினைவிருக்கிறது. பத்மநாபபுரம் அரண்மனை மட்டும் இன்றும் கேரள அரசின் கையில், நம் மண்ணில் நிற்கிறது. அது ஒரு தனிக் கதை.

கேட்டது கிடைத்ததும் கட்சிக்கு வேலை முடிந்தது, காங்கிரஸோடு கலந்தது. 1957இல் நேசமணி கிள்ளியூரிலிருந்து சென்னைச் சட்டசபைக்கு வந்தார். திருவிதாங்கூரில் அரசாங்கங்களை ஆட்டிவைத்தவர் இங்கே காமராஜருக்குப் பின்னால் இருந்த பெரிய கூட்டத்தில் ஒருவர். எட்டுப் பேர் கொண்ட அந்த மந்திரிசபையில் நம் மாவட்டத்துக்கு ஓர் இடம் கிடைத்தது. அது குளச்சலில் ஜெயித்த லூர்தம்மாள் சைமனுக்குப் போனது. அந்த அம்மையார் நன்றாகவே வேலை செய்தார், அதில் குறையில்லை. ஆனாலும் ஜில்லாவையே கொண்டுவந்து சேர்த்தவருக்கு மந்திரி பதவி இல்லையே என்று என் அப்பா வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார். நேசமணி அதைப்பற்றி மேடையில் புலம்பியதாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. 1962இல் மறுபடி லோக்சபாவுக்குப் போனார்.

1967இல் தமிழ்நாடு முழுக்கக் காங்கிரஸ் சாய்ந்தது. விருதுநகரில் காமராஜரே தோற்றார். நாகர்கோவிலில் நேசமணி ஜெயித்தார். ஆனால் அந்தத் தவணையை அவர் முடிக்கவில்லை. 1968 ஜூன் 1ஆம் தேதி காலமானார். அந்த இடத்துக்கு 1969 ஜனவரியில் இடைத்தேர்தல் வந்தது. நான் அப்போது கல்லூரி மாணவன். விருதுநகரில் தோற்ற காமராஜர் நாகர்கோவிலுக்கு வந்து வேட்பாளராக நின்றார். தி.மு.க. ஆட்சி நடக்கிறது, மந்திரிகள் எல்லாம் எதிர்ப் பிரசாரத்துக்கு வந்து இறங்கியிருக்கிறார்கள். எங்கள் தெருவில் ஓட்டுக் கேட்டு வந்த உள்ளூர்க் காங்கிரஸ்காரர் ஒருவர் என் பாட்டியிடம், "அம்மா, காமராஜ் நிக்காரு, மறந்திராதீங்க" என்றார். பாட்டி திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "இது நேசமணி வக்கீலுக்க சீட்டுல்லா, போடாம இருப்பமா" என்றாள்.

காமராஜர் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்து டெல்லிக்குப் போனார்.