இணையத்துக்கு முன்னரே ஒரு வீட்டுக்குள் இருந்த அறிவித்தல் பலகை



பள்ளிவாசல் முகப்பிலும் கோயில் வீதியிலும் சங்கக்கடைச் சுவரிலும் அறிவித்தல் பலகை பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அதே பலகையைக் கணனிக்குள் வைத்து, டெலிபோன் கம்பி வழியாக ஊராரை வாசிக்கவும் எழுதவும் வைத்தவர்கள் இணையத்துக்கு முன்னரே இருந்தார்கள். அதன் பெயர் புலட்டின் போர்ட் சிஸ்டம், சுருக்கமாக பிபிஎஸ்.

1978 ஜனவரியில் அமெரிக்காவின் சிகாகோவில் கடும் பனிப்புயல். வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் இருந்த வார்ட் கிறிஸ்டென்சன், கணனிக் கழக நண்பர் ராண்டி சூஸுக்குக் கோல் எடுத்தார். ஒருவர் மென்பொருள் எழுத, மற்றவர் இயந்திரத்தைப் பொருத்தினார். பெப்ரவரி 16 அன்று சிபிபிஎஸ் பிறந்தது. இயந்திரம் சூஸின் வீட்டில் இருந்தது. அவர் சிகாகோ நகருக்குள் வசித்ததால், நகரத்தார் உள்ளூர்க் கட்டணத்திலேயே அழைக்கலாம்.

ஒரு கணனி, ஒரு மோடம், ஒரு டெலிபோன் இணைப்பு. ஒருவர் உள்ளே இருந்தால் அடுத்தவருக்கு லைன் பிஸி. ஆரம்ப மோடம்களில் விநாடிக்கு ஏறக்குறைய 30 எழுத்துகள்தான் வந்தன. கரண்ட் பில், டெலிபோன் பில், பழுது எல்லாம் வீட்டுக்காரர் பாடு. யார் எழுதலாம், எதை அழிக்க வேண்டும் என்று பார்ப்பதும் அவரே. சண்டை வந்தால் யாரிடம் கேட்பது என்று எல்லோருக்கும் தெரியும்.

1984இல் டொம் ஜெனிங்ஸ் தொடங்கிய ஃபிடோநெட், தனித்தனி வீடுகளை ஒன்றோடொன்று இணைத்தது. பகலில் எழுதியவை சேர்ந்திருக்கும். கட்டணம் குறைந்த இரவில் ஒரு வீட்டுக் கணனி இன்னொன்றை அழைத்துக் கடிதக்கட்டைக் கைமாற்றும். இப்படித் தாவித் தாவி ஒரு செய்தி கடல் கடக்கச் சில நாள் ஆகும்.

இந்தியாவில் அதுல் சிட்னிஸ் 1989இல் பெங்களூரில் சிக்ஸ் என்ற பலகையைத் தொடங்கினார். நம் நாட்டில் 1990களின் தொடக்கத்தில் மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அபய இந்துருவ முன்னின்று, டெலிபோன் வழியே சேர்த்து அனுப்பும் மின்னஞ்சலைக் கொண்டுவந்தார். அது பலகை அல்ல. ஆனால் சேர்த்துவைத்து அழைத்து அனுப்பும் முறை அதே. 1995இல் பொதுமக்களுக்கான இணையச் சேவை வந்தது.

அந்த ஆண்டுகளில் நம் பனிச்சங்கேணிப் பக்கம் எப்படி இருந்தது? வீட்டில் டெலிபோன் என்பதே அரிது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையோடு பேச, டவுனில் உள்ள கொமியூனிகேஷன் கடையில் காத்திருந்தோம். கொழும்புக்குப் போகிறவர் கையில் கடிதம் கொடுத்தோம். யுத்தத்தில் பிரிந்தவர்களுக்குச் செஞ்சிலுவையின் குடும்பச் செய்தித் தாள் போய் வந்தது. மோடம் இல்லாமலே நாமும் சேர்த்துவைத்து, கைமாற்றி அனுப்பித்தான் வாழ்ந்தோம். இரண்டிலும் நடுவில் நிற்பவர் நமக்குத் தெரிந்த ஆள்.

இன்று ஒவ்வொரு தெருவுக்கும் வாட்ஸ்அப் குழு உண்டு. ஜனாசா அறிவித்தல், மரண வீடு, தண்ணீர் வெட்டு எல்லாம் ஒரு நிமிடத்தில் வருகிறது. நல்ல விடயம். ஆனால் போன் உடைந்தால் பழையது போய்விடுகிறது. பிபிஎஸ்களுக்கும் இதுதான் நடந்தது. இணையம் வந்ததும் வீட்டுக்காரர்கள் இயந்திரத்தை நிறுத்தினார்கள். எடுத்துவைக்காத பலகைகளில் ஓர் ஊர் பல வருடம் பேசியதெல்லாம் அழிந்தது. சூஸ் 2019இலும் கிறிஸ்டென்சன் 2024இலும் காலமானார்கள்.

நமக்கும் அந்த ஆபத்து இருக்கிறது. 1990இன் இடப்பெயர்வு, 2004 சுனாமி, 2006, 2007இல் வாகரையை விட்டு ஓடிய நாட்கள் பற்றிய படங்களும் பெயர்ப் பட்டியல்களும் கடிதங்களும் யாரோ ஒருவரின் அலுமாரியிலோ போனிலோதான் கிடக்கின்றன. இவற்றைப் பாதுகாக்கப் பெரிய நிறுவனம் தேவையில்லை. ஒரு பழைய கணனி, இரண்டு பிரதிகள், பொறுப்பெடுக்கும் ஒரு வீடு அல்லது ஒரு பாடசாலை நூலகம் போதும். தமிழர், முஸ்லிம் இரு பகுதியாரின் நினைவுகளும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும்.

முதலில் வீட்டில் மூத்தவர்களிடம் கேளுங்கள். இருப்பதைப் படம் எடுத்து, யார், எங்கே, எந்த வருடம் என்று பின்னால் எழுதிவையுங்கள். பொறுப்பெடுக்க விரும்புகிறவர்கள் கீழே சொல்லுங்கள், சேர்ந்து தொடங்குவோம்.