இலை உண்ட படையணி



'கபத்' எனும் அரபுச் சொல்லைக் கேள்வியுற்றிருக்கிறீர்களா? தடியால் அடித்து மரத்திலிருந்து உதிர்க்கப்படும் இலைகளுக்கே அப்பெயர். ஒட்டகத்துக்குத் தீனியாக இடுவது அது. அதனை மனிதர் உண்ட காரணத்தால் ஒரு படையணியே 'ஜைஷுல் கபத்' எனப் பெயர் பெற்றது.

அது ஹிஜ்ரி 8இல் (கி.பி. 629) நிகழ்ந்ததென வரலாற்றாசிரியர் பலர் கூறுவர். அபூஉபைதா (ரழி) அவர்களின் தலைமையில் 300 ஸஹாபாக்களை நபி (ஸல்) அவர்கள் செங்கடற் கரையோரமாக அனுப்பினார்கள். வழியில் உணவு குறைந்தது. எல்லோரிடமும் எஞ்சியிருந்ததைத் தலைவர் ஒன்றுதிரட்டி, நாளாந்தம் சிறிது சிறிதாகப் பங்கிட்டார்கள். இறுதியில் ஆளுக்கு ஒரு பேரீச்சம்பழமே கிடைத்தது. ஒரு பழம் எதற்குப் போதும் என்று பிற்காலத்தில் ஒருவர் வினவினார். அதுவும் தீர்ந்தபோதுதான் அதன் அருமை தெரிந்தது என்று, அப்பயணத்தில் இருந்த ஜாபிர் (ரழி) அவர்கள் விடையளித்தார்கள். குழந்தையைப் போல் அப்பழத்தைச் சப்பி, மேலே நீர் அருந்துவார்களாம். கூடவே தடியால் இலைகளை அடித்து உதிர்த்து, நீரில் நனைத்து உண்டார்கள்.

பின்னர் கடல் ஒதுக்கிய 'அன்பர்' என்னும் பெருமீனையே நமது பயான்கள் விரித்துரைக்கின்றன. அதன் விலா எலும்பை நாட்டி, அதன் கீழாக ஒட்டகம் சென்ற செய்தி யாருக்குத்தான் சுவைக்காது! இலை உண்ட நாட்களையோ ஒரே வசனத்தில் கடந்துவிடுகிறோம்.

காட்டுணவு அவர்களிடம் வறுமையின் அடையாளமாக மட்டும் இருக்கவில்லை. அது ஓர் அறிவாகவும் இருந்தது. நாம் மிஸ்வாக் குச்சி பெறும் அதே 'அராக்' மரத்தின் பழங்களை, மக்காவுக்கு அண்மையிலுள்ள மர்ருழ் ழஹ்ரானில் ஸஹாபாக்கள் பறித்தார்கள். கறுத்தவற்றைப் பறிக்குமாறும் அவையே சிறந்தவை என்றும் நபியவர்கள் கூறினார்கள். தாங்கள் ஆடு மேய்த்தீர்களா என்று உடனே தோழர்கள் கேட்டார்கள். அக்கனியின் பக்குவம் மேய்ச்சல் நிலத்தில் நடந்தவருக்கே தெரியும் அல்லவா? ஆடு மேய்க்காத நபி எவருமில்லை என்பதே பதிலாக வந்தது.

பெற்றோரே, வேலியோரம் முசுட்டை இலை கொய்யும் உம்மம்மாவைக் கண்டு உங்கள் பிள்ளைகள் நாணுகிறார்களா? எந்த இலை கறிக்காகும், எது ஆகாது என்பதை அறிந்தவர் அவர். பிள்ளைகளை அவருடன் அனுப்புங்கள்.

ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரழி) அவர்கள் நாணவில்லை. காதிஸிய்யாவில் பாரசீகப் படையை வென்று, கூஃபாவின் ஆளுநராக இருந்தவர்கள் அவர்கள். பனூ அஸத் கூட்டத்தார் தம்மைக் குறைகூறியபோது, நபியவர்களுடன் ஹுப்லா, ஸமுர் மரங்களின் இலைகளை மட்டுமே உண்டு போரிட்டதைத் தமக்குரிய சான்றாக எடுத்துரைத்தார்கள். அந்நாட்களில் தங்கள் மலம் ஆட்டுப் புழுக்கையைப் போலிருந்தது என்பதைக்கூட அவர்கள் மறைக்கவில்லை.