நண்பகல் வெயிலும் விளக்குப் படுக்கையும்: தோலுக்கு எது என்ன செய்கிறது?

பெங்களூரு: 2024-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் தேதி நண்பகல் 12.17 மணியளவில் பெங்களூருவில் செங்குத்தாக நின்ற கம்பங்களின் நிழல் சில நிமிடங்களுக்கு மறைந்தது. கோரமங்களாவில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தில் பொதுமக்கள் திரண்டு இந்த 'நிழலில்லா நாளை'க் கண்டனர். ஆண்டுதோறும் ஏப்ரல் பிற்பகுதியிலும் ஆகஸ்ட் 18-ஆம் தேதியை ஒட்டியும் சூரியன் இந்நகரின் நேர் உச்சிக்கு வருகிறது.

இவ்வளவு வெயில் கிடைக்கும் ஊரில்தான் வைட்டமின் டி குறைபாடு இரத்தப் பரிசோதனை அறிக்கைகளில் சர்வ சாதாரணமாகத் தென்படுகிறது. வெயிலுக்குச் செல்ல நேரமில்லாதவர்கள், மேலைநாடுகளில் புழங்கும் 'டேனிங்' விளக்குப் படுக்கை அதற்கு மாற்றாகுமா என்று கேட்பதுண்டு. தோல் பழுப்பேறுவதும் வைட்டமின் டி உருவாவதும் ஒன்றல்ல என்பதை அறிந்தால் இக்கேள்விக்கு விடை எளிது.

சூரியனின் புற ஊதாக் கதிர்களில் மூன்று வகைகள் உள்ளன. 'சி' வகையை வளிமண்டலம் முழுமையாகத் தடுத்துவிடுகிறது. தரையை எட்டுவதில் ஏறத்தாழ 95 விழுக்காடு 'ஏ' வகை. எஞ்சியது 'பி' வகை. 'ஏ' கதிர் தோலின் ஆழத்துக்குச் சென்று நிறத்தைக் கருக்கச் செய்கிறது, சுருக்கங்களையும் விரைவுபடுத்துகிறது. 'பி' கதிர் மேல்தோலிலேயே நின்றுவிடும். வெயிற்புண்ணை உண்டாக்குவது பெரும்பாலும் இதுவே. தோலில் உள்ள கொழுப்புப் பொருளொன்றை வைட்டமின் டி-யாக மாற்றும் முதல் வேலையைச் செய்வதும் இதுவே. பின்னர் கல்லீரலும் சிறுநீரகமும் அதை உடல் பயன்படுத்தும் வடிவுக்குக் கொண்டுவருகின்றன.

விளக்குப் படுக்கை என்பது மேலும் கீழும் ஒளிக்குழல்கள் பொருத்திய மூடி போட்ட பெட்டி. வாடிக்கையாளர் கண்காப்புக் கண்ணாடி அணிந்து சில நிமிடங்கள் அதனுள் படுத்திருப்பார். மாதக்கணக்கில் வெயில் காணாத வடநாடுகளின் குளிர்காலத்துக்காக வளர்ந்த வணிகம் இது. விரைவில் நிறம் மாறவேண்டும், ஆனால் தோல் எரியக் கூடாது என்பதால் பெரும்பாலான குழல்கள் 'ஏ' கதிரையே மிகுதியாக உமிழும்படி அமைக்கப்படுகின்றன. ஆற்றல் மிக்க சில கருவிகளின் 'ஏ' கதிர்வீச்சு, நண்பகல் வெயிலில் உள்ளதைப்போல் 10 முதல் 15 மடங்கு வரை இருக்கக்கூடும். 'பி' கதிரின் பங்கு விளக்குக்கு விளக்கு மாறுபடுவதால், வைட்டமின் டி கிடைக்கும் என்ற விளம்பரத்தை நம்புவதற்கில்லை.

உலக சுகாதார அமைப்பின் கீழ் இயங்கும் சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, 2009-ஆம் ஆண்டு இந்தக் கருவிகளை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை எனும் முதல் பிரிவில் சேர்த்தது. அதே ஆண்டில் பிரேசில் அழகு நோக்கிலான பயன்பாட்டை முற்றிலும் தடை செய்தது. ஆஸ்திரேலியாவின் பெரும்பாலான மாநிலங்களில் 2015 ஜனவரி முதல் வணிகப் பயன்பாடு நின்றது. 35 வயதுக்கு முன்பே இப்படுக்கையைப் பயன்படுத்தத் தொடங்கியவர்களிடம் மெலனோமா எனும் தோல் புற்றுநோய் ஆபத்து 59 விழுக்காடு கூடுதலாக இருந்ததாக 2012-இல் வெளியான தொகுப்பாய்வு கண்டறிந்தது. இந்த ஆய்வுகள் பெரும்பாலும் வெளிர்நிறத் தோலினரிடம் நடந்தவை. இந்தியரிடையே மெலனோமா அரிது. ஆனால் அந்த அரிய நிலைக்குக் காரணமான மெலனின் நிறமியே, படுக்கையை நாடுவதற்கான காரணத்தையும் இங்கு இல்லாமல் செய்துவிடுகிறது. பெங்களூரு அழகு நிலையங்களில் மக்கள் பணம் செலவழிப்பது கருமையை ஏற்ற அல்ல, 'டி-டேன்' என்ற பெயரில் அதை நீக்கவே.

வெயிலும் முற்றிலும் தீங்கற்றதன்று. இதே முகமை சூரியக் கதிர்வீச்சையும் 1992-ஆம் ஆண்டிலேயே முதல் பிரிவில் வைத்தது. கண்புரை, முகத்தில் படரும் மங்கு, முதுமைச் சுருக்கம் ஆகியவற்றில் அதற்குப் பங்குண்டு. பெங்களூருவாசிகளுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை தேவை. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருப்பதால் இங்கு காற்று இதமாக வீசுகிறது. சென்னை வெயிலில் உண்டாகும் எரிச்சல் இங்கு தோன்றுவதில்லை. ஆனால் வெப்பம் வேறு, புற ஊதா வேறு. 1,000 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 10 விழுக்காடு என்ற அளவில் புற ஊதாக் கதிர் கூடுகிறது. குளிர்ச்சியை நம்பி நெடுநேரம் வெளியில் நிற்பவர் மாலையில்தான் தோலின் சிவப்பை உணர்வார்.

எந்த வெயில் பயன் தரும் என்பதிலும் தவறான எண்ணம் பரவலாக உள்ளது. காலை ஏழு மணி இளவெயிலில் நடந்தால் வைட்டமின் டி கிடைத்துவிடும் என்று பலர் நம்புகின்றனர். சூரியன் தாழ்ந்திருக்கும்போது கதிர்கள் வளிமண்டலத்தை நெடுந்தொலைவு கடந்து வருவதால் 'பி' கதிர் பெரும்பாலும் வழியிலேயே வடிகட்டப்பட்டுவிடும். நடைப்பயிற்சி இதயத்துக்கு நல்லது. வைட்டமின் டி கணக்கில் அதன் வரவு மிகக் குறைவு. பெங்களூருவின் அட்சரேகைக்கு நெருக்கமான திருப்பதியில் மருத்துவர் ஹரிநாராயணனும் குழுவினரும் நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வு, முற்பகல் 11 மணி முதல் பிற்பகல் 2 மணி வரையிலான வெயிலே ஆண்டு முழுவதும் வைட்டமின் டி உருவாக ஏற்றது எனக் காட்டியது. கடிகாரம் பார்க்க விரும்பாதவர் தம் நிழலைப் பார்த்தால் போதும்: நிழல் தம் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் 'பி' கதிர் போதிய அளவு வருகிறது என்று கொள்ளலாம்.

கண்ணாடியின் பங்கு இன்னும் சுவையானது. சாதாரண ஜன்னல் கண்ணாடி 'பி' கதிரைத் தடுத்து, 'ஏ' கதிரில் கணிசமான பகுதியை உள்ளே விடுகிறது. வெளிவட்டச் சாலையிலோ ஒயிட்ஃபீல்டிலோ அத்தகைய கண்ணாடியை ஒட்டி அமர்ந்து பணிபுரிபவருக்கு ஒரு பக்கத் தோல் கருக்கக்கூடும். வைட்டமின் டி சேராது. விளக்குப் படுக்கையின் மென்மையான வடிவம் என்றே அந்த இருக்கையைச் சொல்லலாம்.

எவ்வளவு நேரம் வெயிலில் நிற்பது என்பதற்கு ஒரே அளவு கிடையாது. தோலின் நிறம், வயது, திறந்திருக்கும் உடற்பரப்பு, மேகம், காற்று மாசு அனைத்தும் அதை மாற்றும். கருமையான தோலுக்குக் கூடுதல் நேரம் தேவை. ஆயினும் மணிக்கணக்கில் நிற்பதால் பயனில்லை. குறிப்பிட்ட அளவு உருவானபின், மிகுதியை அதே கதிர் வேறு பொருட்களாகச் சிதைத்துவிடும். எனவே வெயிலால் வைட்டமின் டி நஞ்சாவதில்லை. முகத்தை நிழலில் வைத்து, கை கால்களை வெயிலில் காட்டி, தோல் சிவக்கும் முன்பே திரும்பிவிடுவது போதுமானது. மாத்திரைக்கு இந்தத் தற்காப்பு இல்லை. வாரம் ஒருமுறைக்கான 60,000 அலகு மருந்தைச் சிலர் தாமாகவே நாள்தோறும் உட்கொண்டு, இரத்தத்தில் கால்சியம் ஏறி மருத்துவமனைக்கு வருவதுண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரை நாளொன்றுக்கு 600 அலகு மட்டுமே.

மருத்துவமனைகளின் தோல் பிரிவில் காணப்படும் புற ஊதா விளக்கறையை டேனிங் படுக்கையுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. வெண்புள்ளி, சொரியாசிஸ் நோயாளிகளுக்குப் பயன்படும் இவ்விளக்கு, 'பி' வகையில் 311 நானோமீட்டரை ஒட்டிய குறுகிய அலைநீளத்தை மட்டும் தருகிறது. வாரம் இரண்டு அல்லது மூன்று முறை, ஒவ்வொரு தடவையும் கதிரளவு குறித்து வைக்கப்பட்டே சிகிச்சை நடைபெறும். வெயிலையே மருந்தாக்கும் முறையும் இந்தியாவில் வழக்கில் உள்ளது. சொராலன் மாத்திரையை விழுங்கி இரண்டு மணி நேரம் கழித்துச் சில நிமிடங்கள் வெயிலில் நிற்கும் 'பூவாசால்' சிகிச்சை, மருத்துவமனைக்கு அடிக்கடி வர இயலாதவர்களுக்குக் கைகொடுக்கிறது. சித்த மருத்துவம் தோல் நோய்களுக்குப் பயன்படுத்திவரும் கார்போகரிசியில் இருப்பதும் இதே சொராலன் வகைப் பொருளே. இது தோலை ஒளிக்கு மிகக் கூர்மையாக்கிவிடும். மருத்துவர் சொன்ன நிமிடங்களைத் தாண்டி நின்றவர்களுக்குக் கொப்புளம் எழுந்த நிகழ்வுகள் தோல் மருத்துவர்களுக்குப் பழக்கமானவை.

லூபஸ் நோயாளிகளும், டாக்சிசைக்ளின் போன்ற ஒளிக்கூர்மை உண்டாக்கும் மருந்துகளை உட்கொள்வோரும் நண்பகல் வெயிலில் நிற்கும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை பெங்களூரு வானம் பெரும்பாலும் மேகமூட்டமாக இருக்கும். அம்மாதங்களில் முட்டையின் மஞ்சள் கரு, மீன், '+எஃப்' முத்திரையிட்ட செறிவூட்டப்பட்ட பால், சமையல் எண்ணெய் ஆகியவற்றிலிருந்து ஓரளவு வைட்டமின் டி பெறலாம்.