எரிந்த கட்சியும் எரியாத கட்சியும்: காமன் கதையில் அவையினரின் பங்கு

கதைமாந்தரின் மறைபொருள்களைக் குறித்து வழக்காடுதல், கதை கேட்போர் நெடுங்காலமாகக் கையாண்டுவரும் உரிமைகளுள் ஒன்றாகும். நாயகன் உண்மையாகவே இறந்தானா, அன்றி வேற்றுருக்கொண்டு வாழ்கின்றானா? அவன் உள்ளத்தில் இடம்பெற்றவள் யார்? அவள் மட்டும் அறிந்த செய்தி யாது? அதீத ஆற்றல் படைத்த வீரநாயகரைப் பற்றிய படக்கதைகளிலும், வாசகரே நாயகனின் வழியைத் தெரிவுசெய்யும் கணினிக் கதைகளிலும் ஈடுபட்ட இன்றைய இளைஞர் இத்தகைய வினாக்களை எழுப்பி, கட்சிகளாகப் பிரிந்து வாதிடுகின்றனர். இதனை மேனாட்டு வணிகப் பண்பாடு அண்மையில் ஈன்ற பழக்கம் எனக் கொள்வாரும் உளர். தஞ்சைப் பகுதியின் லாவணி வழக்கும், டயகம முதலாய மலையகத் தோட்டப்புறங்களில் வேரூன்றிய காமன் கூத்தும் அக்கொள்கையை மறுத்து நிற்கின்றன. அவ்விரண்டையும் ஒருங்குவைத்து நோக்கி, கதை விட்டுவைத்த இடைவெளியை மக்கள் எவ்வாறு தமதாக்கிக்கொண்டனர் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காமன் கதை யாவரும் அறிந்ததே. சூரபன்மனால் துன்புற்ற தேவர், சிவனுக்கு ஒரு மைந்தன் தோன்றினாலன்றித் தமக்கு மீட்சியில்லை என உணர்ந்து, யோகத்தில் அமர்ந்த இறைவன்மீது மலர்க்கணை தொடுக்குமாறு மன்மதனை ஏவுகின்றனர். அவன் தயங்கிச் செல்கின்றான், நெற்றிக்கண்ணின் தீயில் நீறாகின்றான், இரதி புலம்புகின்றாள். கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணம் இதனைக் காமதகனப் படலமாக விரித்துரைக்கும். இறைவன் உமையை மணந்தபின், இரதியின் வேண்டுகோளுக்கு இரங்கி மன்மதனை மீட்டளிக்கின்றார். ஆயின் அவன் இரதியின் கண்ணுக்கு மட்டுமே உருவுடையவன். ஏனையோர்க்கு அவன் அனங்கன், அதாவது உடலிலி. எரிந்தும் எரியாதவன், இருந்தும் காணப்படாதவன் என்னும் இம்முரண்பாட்டிலேதான் வழக்குப் பிறக்கின்றது.

அவ்வழக்கிற்கு வடிவம் தந்தது லாவணி ஆகும். 1676 அளவில் ஏகோஜி தஞ்சையில் நிறுவிய மராட்டிய ஆட்சி 1855 வரை நீடித்தது. அக்காலத் தொடர்பால் தமிழகம் வந்த இசைவடிவமே லாவணி. மராட்டியரிடையே சத்தியின் ஏற்றம் பாடுவோரும் சிவனின் ஏற்றம் பாடுவோருமாக இரு அணியினர் போட்டியிடும் மரபு உண்டு. தமிழில் அப்போட்டி காமன் பண்டிகையோடு இணைந்து, ‘எரிந்த கட்சி’, ‘எரியாத கட்சி’ எனப் பெயர் பெற்றது. காமனை எரித்த தலமெனப் போற்றப்படும் திருக்குறுக்கை மயிலாடுதுறைக்கு அண்மையில் உள்ளது என்பதும் ஈண்டு நினைவுகொள்ளத்தக்கது. டேப்பும் துந்தினாவும் ஒலிக்க, இரு தரத்துப் பாடகரும் எதிரெதிரே அமர்ந்து, ஒருவர் பாட்டால் வினவ மற்றவர் பாட்டால் விடையிறுப்பர்.

இரு கட்சியினருக்கும் வலுவான நியாயங்கள் உள. இறைவனின் நெற்றிக்கண் விழித்தபின் எரியாது எஞ்சும் பொருள் யாதுமில்லை என்பது எரிந்த கட்சியின் அடிப்படை. எரியாதவனுக்காக இரதி ஏன் புலம்பினாள்? உடல் போகாதவனுக்கு அனங்கன் என்னும் பெயர் எவ்வாறு பொருந்தும்? எரியாத கட்சியோ உலகியலைச் சான்றாகக் காட்டும். காமன் அழிந்திருப்பின் உயிர்களிடத்து வேட்கையும் அழிந்திருக்க வேண்டுமன்றோ? எரித்த சிவனே பின்னர் உமையை மணந்தது எங்ஙனம்? திருமாலின் மைந்தன் அத்துணை எளிதில் அழிவானா? சைவ வைணவப் பிணக்கும் இவ்வாதத்தினுள் மறைமுகமாகப் புகுந்துவிடுகின்றது. ஒவ்வொரு கட்சியும் புராணத்தையே மேற்கோளாகக் கொள்வதாற் புராண அறிவு இன்றியமையாததாகின்றது. எழுத்தறிவு அரிதாயிருந்த காலத்தில், நூலறிவு வாய்மொழியாகப் பரவுதற்கு இவ்வழக்கு ஒரு வாயிலாயிற்று எனலாம்.

இக்கதையின் மற்றொரு மறைபொருள் பாகவதத்தின் பத்தாம் கந்தத்தில் வருவது. எரிந்த மன்மதன் கண்ணனுக்கும் உருக்குமிணிக்கும் பிரத்தியும்நனாகப் பிறக்கின்றான். சம்பரன் என்னும் அசுரன் அக்குழவியைக் கவர்ந்து கடலில் எறிய, மீனொன்று விழுங்க, அம்மீன் அவ்வசுரனின் அடுக்களையையே வந்தடைகின்றது. அங்கே மாயாவதி என்னும் பெயரோடு பணிபுரிபவள் இரதியே. தன் கணவனைக் குழந்தையாகப் பெற்று வளர்க்கும் அவள், அவன் காளைப் பருவம் எய்தியபோது உண்மையை வெளிப்படுத்துகின்றாள். மறைந்த பெயர், மாறிய உருவம், ஒருத்தி மட்டும் அறிந்த காதல் என இன்றைய வீரநாயகக் கதைகளின் வாசகர் ஊகித்து மகிழும் அனைத்தும் இங்கு உள.

மேனாட்டு நிகழ்ச்சி ஒன்றை இதனோடு ஒப்பிடுதல் பயன்தரும். 1988இல் அமெரிக்காவின் டி.சி. நிறுவனம், பேட்மன் படக்கதையில் அவனுடைய இளந்துணைவனான ரொபினை வெடிவிபத்தொன்றில் சிக்கவைத்து, அவன் பிழைப்பதா இறப்பதா என்பதை வாசகரின் முடிவுக்கு விட்டது. கட்டணம் செலுத்தித் தொலைபேசி மூலம் வாக்களித்தோருள் 5,343 பேர் இறக்கட்டும் என்றனர். 5,271 பேர் பிழைக்கட்டும் என்றனர். 72 வாக்கு வேறுபாட்டால் அவன் இறந்தான். ஆயினும் 2005இல் அதே பாத்திரம் முகமூடியணிந்த வேறொரு பெயரினனாக மீண்டும் கதையுள் வந்து சேர்ந்தது. அங்கும் எரியாத கட்சியே இறுதியில் வென்றதெனலாம். ஆயின் முக்கியமான வேற்றுமை ஒன்று உண்டு. தொலைபேசி வாக்கு வாசகனிடம் ‘ஆம்’, ‘இல்லை’ என்ற ஒரு சொல்லையே கேட்டது. எண்ணிக்கை முடிந்ததும் வழக்கும் முடிந்தது. லாவணியோ காரணம் கேட்டது. அதில் இறுதித் தீர்ப்பு இல்லை. அடுத்த ஆண்டு அதே வினா மீண்டும் எழும்.

காமன் வழிபாடு மலையகம் புகுந்த வரலாறு உழைப்பின் வரலாற்றோடு பிணைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கும், 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் தேயிலைப் பயிர்ச்செய்கையைத் தொடங்கியபின் தேயிலைத் தோட்டங்களுக்கும், திருச்சி, சேலம், தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களிலிருந்து மக்கள் கொண்டுவரப்பட்டனர். அவர்கள் கொணர்ந்த உடைமைகள் சிலவே. நினைவிற் கொணர்ந்த கூத்துகளோ பலவாகும். காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகிய மூன்றும் அவற்றுட் குறிப்பிடத்தக்கன. அக்கரப்பத்தனைக்கு அப்பால், ஹோட்டன் சமவெளியை அண்டிய உயர்நிலத்தில் உள்ள டயகமவும் இப்பண்பாட்டு வட்டத்தைச் சார்ந்ததே.

மாசி அமாவாசையை அடுத்த மூன்றாம் பிறையிற் காமன் நடப்படும். அதுமுதல் முழுநிலவை ஒட்டிய தகன நாள்வரை, தோட்டத்து இரவுகள் தப்பின் முழக்கத்தால் உயிர்பெறும். கூத்து மாஸ்டர் பாடலையும் ஆட்டத்தையும் பயிற்றுவிப்பார். இரதி வேடத்தையும் ஆணே புனைவான். இரதியும் மன்மதனும் லயந்தோறும் ஆடிவருவர். மேடையும் திரையும் இக்கூத்திற்கு இல்லை. நேர்த்திக்கடன் வைத்தவர் தாமே வேடந்தாங்குவர்; நேற்றுவரை அயல் லயத்தில் இருந்தவன் இன்று வீரபத்திரனாகத் தோன்றுவான். பார்ப்போர்க்கும் ஆடுவோர்க்கும் இடையே கோடு கிழிக்க இயலாத இந்நிலையில், அவையினரும் கதையின் பங்காளராகின்றனர். ‘போகாதே’ என இரதி தடுக்கும்போது அவையும் அவள் பக்கம் நிற்கின்றது. அவளுடைய புலம்பல், தோட்டத்துப் பெண்கள் சாவீட்டிற் பாடும் ஒப்பாரியோடு உறவுடையது. தகனத்தின் பின்னர் மன்மதனை உயிர்ப்பித்தலும் கூத்தின் ஒரு பகுதியாதலின், எரிந்த கட்சிக்கும் எரியாத கட்சிக்கும் ஒருங்கே இடமளிப்பதாக இது அமைகின்றது.

இவ்விடைவெளி மலையக மக்களுக்கு வெறும் வேடிக்கைப் பொருளாக இருந்திருக்க முடியுமா என்பதைச் சிந்தித்தல் வேண்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. கொழுந்து பறித்த கைகள் இருந்தன. அக்கைகளுக்குரியவர் அரசின் ஏட்டில் இல்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். ஒரே குடும்பத்தினர் இரு நாட்டினராயினர். தலைமன்னாரிற் கப்பலேறியோரையும் பிரிந்து நின்றோரையும் ஒப்பந்தத்தின் எண்கள் காட்டா. நாடற்றோராய் எஞ்சியோர்க்குப் பிரசாவுரிமை வழங்க 2003இல் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை இச்சிக்கல் நீண்டது. இருந்தும் காணப்படாதவன், அன்புடையாள் கண்ணுக்கு மட்டும் உருவுடையவன் என்னும் அனங்கனின் கதையை ஆண்டுதோறும் ஆடிய மக்கள், தாமும் சட்டத்தின் பார்வையில் அனங்கராகவே வாழ்ந்தனர். கூத்தாடியோர் இதனைக் கருதியே ஆடினர் என்று கூறுவது நம் கருத்தன்று. ‘அவன் எரியவில்லை’ என்னும் கட்சி அம்மண்ணில் எத்துணை ஆழமான பொருள் தரவல்லது என்பதையே சுட்ட விழைகின்றோம்.

எனவே, நாட்டார் கலைகளைத் தொகுக்க முற்படும் நம்மனோர் ஒன்றைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். மாஸ்டரின் குறிப்பேட்டிலுள்ள பாடல்களைப் படியெடுத்து, ‘இதுவே சரியான பாடம்’ என அச்சிட்டுவிட்டால் கூத்தைக் காத்துவிட்டோம் என எண்ணுதல் தவறு. பாடம் கூத்தின் ஒரு பாதி. அதனைக் கண்டோர் எழுப்பிய வினாவும், சொன்ன விடையும், மறுத்த மறுப்பும் மற்றப் பாதி. எந்த இரவில் எந்த லயத்தார் மன்மதனுக்காக வாதிட்டனர், இரதி அறிந்த இரகசியத்தை மூதாட்டியர் எவ்வாறு விளக்கினர் என்பனவும் பதிவுசெய்யப்படல் வேண்டும். அவற்றை நினைவில் வைத்திருக்கும் தலைமுறை மூப்படைந்துவரும் இந்நாளில், பல்கலைக்கழக மாணவர் விடுமுறைக்குத் தத்தம் தோட்டங்களுக்குச் செல்லும்போது செய்யத்தக்க பணி இது. கதையின் முடிவைப் புராணம் தந்தது. அம்முடிவைக் கேள்விக்குட்படுத்தும் உரிமையை மக்கள் தாமே எடுத்துக்கொண்டனர். காமன் எரிந்தானா என்ற வினாவுக்கு ஒரே விடை நிலைபெறும் நாளிற்றான் காமன் கூத்து உண்மையாகவே எரிந்துபோகும்.