காப்பா, ஒதுக்கா? ஃபுளோரிடா அடுக்ககச் சட்டத்தின் எச்சரிக்கை வாசகம்: ஒரு மறுவாசிப்பு

ஃபுளோரிடா அடுக்ககங்களின் உரிமையாளர்கள், பொதுச் சொத்துக்கான ஒதுக்கு நிதியை ஆண்டுதோறும் வாக்களித்துத் தள்ளுபடி செய்துகொண்டார்கள். இதை மனிதரின் குறுகிய பார்வைக்குச் சான்றாகக் காட்டுவது ஆய்வுலகில் வழக்கமாகிவிட்டது. சட்டம் எச்சரித்தது, மக்கள் கேட்கவில்லை என்பதே அந்த வாசிப்பின் சாரம். ஆனால் அந்த எச்சரிக்கையின் சொற்களை நிறுத்திப் படித்தால் வேறொன்று தெரிகிறது. உரிமையாளர்கள் அதைக் கேட்டார்கள். அது சொன்னபடியே நடந்தார்கள்.

அவ்வாசகம் மாநிலச் சட்டத்தின் 718ஆம் அத்தியாயத்தில், 112ஆம் பிரிவில் இருக்கிறது. கூரை, வண்ணப்பூச்சு, நடைபாதை மற்றும் வண்டிப்பாதைத் தளம், இவை தவிர 10,000 டாலருக்கு மேல் செலவாகும் எந்த இனமானாலும், ஒவ்வொன்றின் எஞ்சிய ஆயுளையும் மாற்றுச் செலவையும் மதிப்பிட்டு ஆண்டு வரவுசெலவில் தொகை ஒதுக்க வேண்டும் என்று 2022 திருத்தத்துக்கு முந்தைய சட்டம் பணித்தது. அதே பிரிவு, முறைப்படி கூட்டிய கூட்டத்தில் பெரும்பான்மை வாக்கு இருந்தால் அத்தொகையைக் குறைக்கவும், அறவே நீக்கவும் இடம் கொடுத்தது. நேரில் வராதவர்கள் பதிலாள் சீட்டு வழியாக வாக்களிக்கலாம். அந்தச் சீட்டில்தான் எச்சரிக்கை அச்சாக வேண்டும்: முழுவதும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில், தடித்த அச்சில், சீட்டிலுள்ள வேறெந்த எழுத்தையும்விடப் பெரிதாக. இத்தனை கெடுபிடியுடன் அது சொல்லும் செய்தி ஒரே வாக்கியம். ஒதுக்கீட்டைத் தள்ளுபடி செய்தாலோ வேறு காரியத்துக்குத் திருப்பினாலோ, அந்த இனங்களுக்காக எதிர்பாராத சிறப்பு வசூலைச் செலுத்தும் பொறுப்பு வீட்டு உரிமையாளருக்கு நேரக்கூடும் என்பதே அதன் பொருள்.

'எதிர்பாராத' என்ற சொல்லை முதலில் எடுத்துக்கொள்வோம். எஞ்சிய ஆயுளைக் கணக்கிடு என்று சில பத்திகளுக்கு முன்னால் கட்டளையிட்ட சட்டம், அந்த ஆயுள் முடியும்போது வரும் செலவை எதிர்பாராதது என்கிறது. கூரையின் முடிவு ஆண்டை எழுதிவைத்த பிறகு அதில் எதிர்பாராதது என்ன இருக்கிறது? அச்சொல் சட்டத்தின் நோக்கைக் குறிக்கவில்லை, சாதாரண உரிமையாளரின் அறியாமையையே குறிக்கிறது என்று வாதிடலாம். அந்த வாய்ப்பை நான் மறுக்கவில்லை. அப்படியானால் கணக்குப் போட்ட கையே கணக்கை அறியாதது போல எழுதியிருக்கிறது என்றாகும். அது வாசகத்துக்குப் பெருமை சேர்ப்பதல்ல.

அடுத்து, 'வீட்டு உரிமையாளர்'. எந்த உரிமையாளர்? இன்று சீட்டில் கையெழுத்திடுபவரா, பதினைந்து ஆண்டு கழித்து அந்த வீட்டில் இருப்பவரா? வாசகம் சொல்லவில்லை. ஐந்து ஆண்டில் வீட்டை விற்கப் போகிறவர் இதைப் படிக்கும் விதத்தை எண்ணிப் பாருங்கள். பொறுப்பு நேரக்கூடும், அது வசூல் நாளில் உரிமையாளராக இருப்பவருக்கு நேரும், அன்று நான் இருக்கமாட்டேன். அவருக்கு இது எச்சரிக்கையே அல்ல, ஓர் உறுதிமொழி. எல்லா உரிமையாளரும் இப்படி எண்ணி வாக்களித்தார்கள் என்று நிறுவ என்னிடம் சான்று இல்லை. ஆனால் இப்படி எண்ணியவர் வாசகத்தைத் தவறாகப் புரிந்துகொண்டார் என்று யாராலும் சொல்ல முடியாது.

கோளாறின் வேர் ஒரு கணக்கியல் குழப்பத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. நம் வணிகவியல் பாடநூல்கள் காப்பு வேறு, ஒதுக்கு வேறு என்று பிரித்தே கற்பிக்கின்றன. இலாபம் கண்ட பின் அதிலிருந்து எடுத்துவைப்பது காப்பு. இலாபத்தைக் காண்பதற்கு முன்பே செலவாகப் பதிய வேண்டியது ஒதுக்கு. காப்பை இவ்வாண்டு விட்டுவிடலாம். ஒதுக்கை விட்டால் கணக்கே பொய். அடுக்ககத்தின் பொது நிதியை ஃபுளோரிடா சட்டம் ஒதுக்கைப் போலக் கணக்கிட்டு, காப்பைப் போல வாக்குக்கு விட்டது.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு. நூறு வீடுகள்; இருபது ஆண்டு தாங்கும் கூரை; மாற்றச் செலவு 4,00,000 டாலர். வீட்டுக்கு ஆண்டுக்கு 200 டாலர். பதினெட்டு ஆண்டு தள்ளுபடி செய்துவிட்டு மீதி இரண்டு ஆண்டில் சேர்க்கத் தொடங்கினால், வீட்டுக்கு ஆண்டுக்கு 2,000. முதல் பத்தாண்டு அங்கே வாழ்ந்து விற்றுப் போனவர் கூரையின் பாதி ஆயுளை அனுபவித்தார்; ஒரு டாலரும் தரவில்லை. இதைச் சேமிக்கத் தவறியது என்று சொல்வது பொருந்தாது. அவர் தின்ற சோற்றுக்கு அடுத்தவர் பணம் கட்டினார்.

தள்ளுபடி வாக்கு ஓர் ஆண்டு வரவுசெலவுக்கு மட்டுமே செல்லும் என்ற நிர்வாக விதியைப் பாதுகாப்பு அரணாகப் படிப்பவர்கள் உண்டு. என் வாசிப்பு நேர்மாறானது. இருபது ஆண்டுத் தேய்மானத்தை இருபது சிறு முடிவுகளாக அந்த விதி நறுக்கிவிட்டது. எந்த ஒரு கூட்டமும் கூரையைக் கைவிடவில்லை. ஒவ்வொரு கூட்டமும் ஓர் ஆண்டுதான் தள்ளிப்போட்டது.

எதிர்வாதங்களில் கனமானது ஒன்று உண்டு. நிதி இல்லாத கட்டடத்தில் வீட்டின் விலை இறங்கும், ஆகவே விற்பவர் எப்படியும் தம் பங்கைக் கொடுத்தே போகிறார் என்பது. வாங்குபவருக்கு எஞ்சிய ஆயுள் தெரிந்திருந்தால் இது செல்லும். மறுவிற்பனையில் அவருக்குச் சங்க ஆவணங்களைப் படித்துப் பின்வாங்க அந்நாளில் இருந்த அவகாசம் மூன்று வேலை நாட்கள். மூன்று மாடிக்கு மேற்பட்ட அடுக்ககங்களைப் பொறியாளரோ கட்டடக் கலைஞரோ ஐந்தாண்டுக்கு ஒருமுறை பார்வையிட வேண்டும் என்று 2008இல் வந்த விதி, 2010இல் நீக்கப்பட்டது. பார்க்காத விரிசலுக்குச் சந்தை விலை குறைக்காது. ஓய்வூதியத்தில் வாழ்பவர்களால் மாதந்தோறும் கட்ட முடியாது என்ற வாதம் நீண்ட மறுப்புக்கு உரியதல்ல. மாதம் கட்ட முடியாதவர் மொத்தமாக மட்டும் எப்படிக் கட்டுவார்?

சர்ஃப்சைடு நகரின் சாம்ப்ளெயின் டவர்ஸ் சவுத் கட்டடத்தை இங்கே எச்சரிக்கையுடனே கொண்டுவர வேண்டும். 1981இல் எழுந்த அந்தப் பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் பெரும்பகுதி 2021 ஜூன் 24 பின்னிரவில் சரிந்தது. 98 பேர் இறந்தார்கள். நீச்சல்குளத் தளம் தொடக்க வடிவமைப்பிலேயே விதி கோரிய வலிமைக்கு மிகவும் குறைவாக இருந்ததைக் கூட்டாட்சி அரசின் புலனாய்வு சுட்டியிருக்கிறது. நிதி இருந்திருந்தால் கட்டடம் நின்றிருக்கும் என்று நான் வாதிடவில்லை. என் கேள்வி சுமை யார் தலையில் விழுந்தது என்பது. 2018இல் பொறியாளர் அறிக்கை, அத்தளத்தின் நீர்க்காப்பு சரிவின்றிச் சமதளமாகப் போடப்பட்டதால் மழைநீர் ஆவியாகும்வரை தேங்கி நிற்பதைக் குறிப்பிட்டது. பழுதுபார்ப்புக்கு அப்போது போட்ட மதிப்பீடு சுமார் 90 லட்சம் டாலர். 2021 ஏப்ரலில் 136 வீடுகள் மீதும் சங்கம் விதித்த சிறப்பு வசூல் 1.5 கோடி டாலர். கையிருப்பு நிதியோ பத்து லட்சத்தைக்கூட எட்டவில்லை. ஒற்றைப் படுக்கையறை வீட்டுக்கு 80,190 டாலர், உச்சிமாடி வீட்டுக்கு 3,36,135. வீட்டின் பங்கே அளவுகோல். எத்தனை ஆண்டு வாழ்ந்தார் என்பது அல்ல. முதல் ஆண்டிலிருந்து இருந்தவருக்கும் முந்தைய மாதம் வாங்கியவருக்கும் ஒரே சீட்டு. செலுத்தத் தொடங்க வேண்டிய நாள் ஜூலை 1.

2022 மே மாதத் திருத்தம், மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள அடுக்ககங்களில் கூரை, தாங்குசுவர், நீர்க்காப்பு, தீத்தடுப்பு, மின்வழி, குழாய்வழி போன்ற கட்டமைப்பு இனங்களுக்கான ஒதுக்கீட்டை வாக்களித்து நீக்கும் உரிமையைப் பறித்தது. உரிமையாளர்களிடம் ஒப்படைக்கும் முன், தொடக்க நிதியாண்டுகளில் கட்டுநர் தம் வாக்கால் ஒதுக்கீட்டைத் தள்ளுபடி செய்ய முடியும் என்ற நிலையும் போயிற்று. இவை இரண்டும் நான் முழுமனதுடன் வரவேற்பவை. ஆனால் 2025 திருத்தம், உறுப்பினர் பெரும்பான்மை ஒப்பினால் அந்த ஒதுக்கீட்டைக் கடனாலும் நிரப்பலாம் என்கிறது. வங்கிக் கடனும் வசூல் நாளில் இருப்பவரையே தேடி வரும்.

கட்டமைப்பு அல்லாத இனங்களுக்குத் தள்ளுபடி வாக்கு இன்றும் உண்டு. அதற்கான சீட்டில் அந்த வாக்கியத்துக்குப் பதிலாக ஓர் எண் இருக்கட்டும்: இந்த ஓர் ஆண்டில் உங்கள் வீட்டின் பங்குக்குத் தேய்ந்தது எத்தனை டாலர், முந்தைய நிலுவையோடு சேர்த்து எவ்வளவு. அந்த நிலுவை வீட்டின் பெயரில் நிற்கட்டும். விற்கும் நாளில், பத்திரம் கைமாறும் முன்பு, விற்பவரே அதைத் தீர்க்கட்டும்.